ஒரே பால் குடித்த இரண்டு பேர்

என் தங்கச்சி பிறந்து நாற்பது நாள் கழியும் முன்னமே தோட்ட முதலாளியின் பெரியவீட்டிலிருந்து மருத்துவிச்சி எங்கள் குடிலுக்கு வந்து உம்மாவைக் கூப்பிட்டாள். முதலாளியின் மனைவிக்கு அந்தக் கிழமைதான் ஆண்பிள்ளை பிறந்திருந்தது. அதற்கு முன் பிறந்தவை ஒன்றும் தங்கவில்லை. இது தங்கியது. ஆனால் தாய்க்குக் காய்ச்சல், மார்பில் பால் இல்லை. பசுப்பாலைப் புகட்டினால் பிள்ளை கக்கிவிட்டது.

"ஒனக்கு ரெண்டு புள்ளைக்குக் காணுற பால் சுரக்குது. ஒருக்கா வந்து குடுத்திட்டு வாகா," என்றாள் மருத்துவிச்சி.

உம்மா வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வாப்பா அப்போதுதான் கரைவலை இழுத்துவிட்டு இடுப்பில் நனைந்த சாரத்தோடு வந்து நின்றார்.

"பசிக்கிற புள்ளைக்கு ஆர்ர புள்ள எண்டு பாக்கிறதா? போ," என்றார்.

உம்மா போனாள். அன்றைக்கு மட்டும் என்று போனவள், அந்தப் பிள்ளை பால்குடி மறக்கும்வரை போனாள். தென்னந்தோட்டத்துக்குள்ளால் ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது. காலையிலும் பகலிலும் அந்திக்கும் உம்மா அந்தப் பாதையால் நடப்பதும், நான் தங்கச்சியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பின்னால் ஓடுவதும்தான் என் நினைவில் தெளிவாக நிற்கும் முதல் காட்சி. எனக்கு அப்போது ஐந்து வயது இருக்கும்.

நாங்கள் இருந்தது கல்முனைக்குடிக்குத் தெற்கே, முதலாளியின் தென்னந்தோட்டம் கடலைத் தொடும் இடத்தில். எங்கள் பக்கத்து ஊர்களில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். பெண்பிள்ளை பிறந்த நாளிலிருந்து தகப்பன் அவளுக்கொரு வீட்டுக்கு வழி பார்க்க வேண்டும். உம்மாவுக்கும் அப்படி ஒரு வளவு இருந்ததாம். கடல் அதை அரித்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு முதலாளியிடம் கேட்டுத் தோட்டத்து ஓரத்தில் தென்னங்கிடுகால் ஒரு குடில் போட்டுக்கொண்டார்கள். எங்களைப் போலவே வலை இழுக்கிற இன்னும் சில குடும்பங்களும் அந்த வரிசையில் இருந்தன. வரிசைக்கு நடுவில் ஒரு கிணறு. கடல் அவ்வளவு கிட்ட இருந்தும் அதன் தண்ணீர் நல்ல தண்ணீர்.

பால் கொடுக்கத் தொடங்கியதும் உம்மாவுக்குப் பெரியவீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. முட்டை, நெய்ச்சோறு, பால் ஊறுவதற்கென்று பால்சுறா வறை. வாப்பாவின் வலையில் பட்ட சுறாவைக் கரையில் வைத்தே முதலாளியின் ஆள் வாங்கிப் போவான். அது பெரியவீட்டுக் குசினியில் வறையாகி, பீங்கானில் மூடி எங்கள் குடிலுக்கே திரும்பி வரும்.

"நம்மட மீன் ஊரெல்லாம் சுத்திப்போட்டு நம்மட ஊட்டுக்கே வந்திரிச்சி," என்று வாப்பா சிரிப்பார்.

பிள்ளைக்கு முடி இறக்கிய அன்று லெப்பை பாத்திஹா ஓதிவிட்டு, தங்கச்சியையும் அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தச் சொன்னார். "இதுகள் ரெண்டும் இனிக் கூடப்பிறந்ததுகள்தான். ஒரே பால். வளந்தாலும் ஒண்டையொண்டு கலியாணம் முடிக்க ஏலா. எல்லாரும் மனசில வச்சிக்கொள்ளுங்க," என்றார்.

கூட்டத்தில் இருந்த ஒரு பெண் எங்கள் வரிசைக்காரி. "இல்லாட்டி முடிச்சித்தான் குடுத்திரிப்பாங்களாக்கும்!" என்று முக்காட்டுக்குள்ளால் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். உம்மாவும் சிரித்தாள். முதலாளியின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கட்டிலில் இருந்தபடியே உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்தா, நீங்க இனி என்னத் தங்கச்சி எண்டுதான் கூப்பிடணும். வேற ஒண்டும் செல்லக்கூடா," என்றாள்.

முதலாளியும் அன்று வாப்பாவிடம் சபை கேட்க ஒரு வார்த்தை சொன்னார். "ஒங்கட ரெண்டு குமருப்புள்ளையளப் பத்தியும் நீங்க யோசிக்க வேணாம். இந்தத் தோட்டத்தில ஆளுக்கொரு துண்டு நான் தாறன். என்ட மகனுக்குக் குடுத்த பாலுக்கு நான் வேற என்னத்தத் தர?"

வாப்பா அதைக் கேட்டு அழுதுவிட்டார் என்று உம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள். முதலாளி அன்று மனதறிந்துதான் அதைச் சொன்னார் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

இரண்டு பிள்ளைகளும் ஒன்றாகவே வளர்ந்தன. பையன் வெள்ளையாக, மெல்லிசாக, எதற்கும் கொஞ்சம் தாமதமாக அசைகிறவன். தங்கச்சி காற்று மாதிரி. அவள் ஓடினால் அவன் பின்னால் ஓடுவான், அவள் விழுந்தால் அவன் அழுவான். எங்கள் குடிலுக்கு வந்து உம்மாவின் சட்டியிலிருந்தே பழஞ்சோறு கேட்டுத் தின்பான். உம்மாவை அவன் கூப்பிடுவது 'கடக்கரை உம்மா' என்று. சொந்த உம்மா வீட்டு உம்மா, இவள் கடற்கரையில் இருக்கிற உம்மா. அவனுக்கு அதில் ஒரு குழப்பமும் இருக்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் எங்கள் ஊர் பட்டினமாகத் தொடங்கியது. மேற்கே உள்ளுக்குப் பெரிய அணை கட்டி, காடு வெட்டி, புது வயல்கள் திறந்தார்கள். கல்முனைச் சந்தியில் முன்பு மாட்டுவண்டிகள் நின்ற இடத்தில் லொறிகள் வந்து நின்றன. சைக்கிள் கடை, தையல் கடை, றேடியோ பாடுகிற தேத்தண்ணிக் கடை என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு புதுப் பலகை தொங்கும். கொழும்பிலிருந்து வியாபாரிகள் வந்து இடம் கேட்டார்கள். கடைத்தெருவில் இடம் போதாமல் பட்டினம் கடல் பக்கமாகப் பிதுங்கியது.

தங்கச்சிக்கு அதெல்லாம் கொண்டாட்டம். தெருவோரத்தில் நின்று, வருகிற லொறியை அது வளைவு திரும்பும் முன்பே ஹோன் சத்தத்தைக் கேட்டு இன்னாருடைய லொறி என்று சொல்லிவிடுவாள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற கொண்டக்டர் மாதிரி குடிலின் கப்புத்தூணைப் பிடித்துக்கொண்டு, "ரைட்... ரைட்... மட்டக்களப்பு, மட்டக்களப்பு!" என்று கத்துவாள். முதலாளியின் மகன் அவளுக்குப் பிரயாணி. முன் பல்லிரண்டும் விழுந்த வாயால் அவனை, "ஏறுங்க, உள்ளுக்குப் போங்க," என்று அதட்டுவாள்.

"பொம்புளப் புள்ள கொண்டக்டராகிறயாடி?" என்று உம்மா கேட்டால், "ஓம், ஒங்களுக்கு டிக்கட் வேணாம்," என்பாள்.

முதலாளி கடைத்தெருவில் இருந்த தன் புடவைக்கடையை மச்சானிடம் விட்டுவிட்டு நெல் மில் தொடங்கினார். தோட்டத்தின் பாதியில் தென்னைகள் விழுந்தன. தகரக் கூரையும் உயர்ந்த புகைபோக்கியுமாக மில் எழுந்தது. வாப்பா வலையை விட்டு அங்கே மூட்டை சுமக்கப் போனார். கடல் தருவது ஒரு நாள் உண்டு, ஒரு நாள் இல்லை. மில்லில் தினமும் வேலை. அந்த வருடம் நாங்கள் இரண்டு வேளையும் சோறு தின்றோம், பெருநாளைக்கு எனக்கும் தங்கச்சிக்கும் ஒரே துணியில் சட்டை வந்தது. மில் வந்ததை நாங்கள் யாரும் அப்போது திட்டவில்லை. அதன் சங்கு ஊதினால் தங்கச்சி கூடவே ஊதுவாள்.

ஆனால் வேலை தேடி எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். சாகாமம் பக்கத்திலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வந்து, எங்கள் வரிசைக்கு முன்னும் பின்னும் குடில் போட்டார்கள். முன்பு ஒரு குடிலுக்கும் அடுத்ததுக்கும் இடையில் பிள்ளைகள் ஓடி விளையாட இடம் இருந்தது. பிறகு ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எல்லா வீட்டிலும் தும்மல். கிணறு மட்டும் அதே ஒன்று.

கடைத்தெருவின் கழிவுத் தண்ணீர் எங்காவது போக வேண்டுமே. அதற்கு ஒரு கான் வெட்டினார்கள். மில்லில் நெல் ஊறவைத்த தண்ணீரும் அவித்த தண்ணீரும் அதே கானில் சேர்ந்தன. கான் கடலை நோக்கிப் போக வேண்டும் என்றுதான் வெட்டினார்கள். ஆனால் எங்கள் வரிசைக்கு வந்ததும் மணல் சரிந்து மூடி, தண்ணீர் அங்கேயே தேங்கி நின்றது. புளித்த நெல்லின் நாற்றம் எங்கள் பாயிலும் சோற்றிலும் ஏறியது.

அதே காலத்தில் பெரியவீடும் மாடி வீடானது. சுற்றிவர மதில் எழுந்தது, மதிலின் மேல் போத்தல் துண்டுகள். வளவுக்குள்ளே மேட்டுப் பக்கமாகப் புதுக் கிணறு தோண்டி, தண்ணீர் இறைக்கிற மிஷின் பூட்டினார்கள். உம்மா நடந்த பாதை மதிலில் முட்டி நின்றது. பெரியவீட்டுக்குப் போவதென்றால் இனித் தெருவால் சுற்றி, இரும்புக் கேற்றில் நின்று, காவல்காரனிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பையனை மட்டக்களப்பில் இங்கிலீஸ் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். விடுமுறைக்கு மட்டும் வருவான். தங்கச்சி அவன் எப்போது வருவான் என்று காவல்காரனிடம் போய்க் கேட்டுக் கேட்டு அடி வாங்காத குறை.

ஒரு மாரி முடிந்த கையோடு கிணற்றுத் தண்ணீர் நாறத் தொடங்கியது. வெள்ளைத் துணியில் வடித்தால் மஞ்சள் படியும். பெண்கள் கூடிப் பேசி, உம்மாவைத்தான் அனுப்பினார்கள். "ஒனக்குத்தானே அங்க உறவு இரிக்கி. நீ கதைச்சாத்தான் எடுபடும்," என்றார்கள்.

நானும் உம்மாவோடு போனேன். முதலாளி முன் விறாந்தையில் இருந்தார். உம்மா தூணுக்குப் பக்கத்தில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"தண்ணி நாறுது முதலாளி. புள்ளையள் குடிக்கிற தண்ணி. அந்தக் கான ஒருக்கா கடலுக்கு வெட்டி விட்டா எங்களுக்குக் காணும்."

"எனக்குத் தெரியாமலா? பாத்துக்கொண்டுதான் இரிக்கன்," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "மிஷினுக்குச் சாமான் கொழும்பில இருந்து வரோணும், அதோட இந்தப் போகத்து நெல்லு வந்து குமியுது. இந்தப் போகம் முடியட்டும். நல்ல சீமெந்துக் கானாக் கட்டித் தாறன்."

உம்மா திரும்பும்போது முதலாளியின் மனைவி குசினிப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள். "ராத்தா, நீங்க எங்கட கிணத்தில வந்து அள்ளுங்க. ஒங்கட புள்ளையள் என்ட புள்ளையள்தானே. ஆனா நீங்க மட்டும் வாங்க. மத்தாக்களக் கூட்டி வராதீங்க. காவக்காரனிட்டச் செல்லி வைக்கிறன்."

உம்மா சில நாள் போய் அள்ளினாள். நானும் தங்கச்சியும் கூடவே போவோம். தங்கச்சி ஒரு சின்னச் செம்பைத் தூக்கிக்கொண்டு வந்து, பாதியை வழியில் ஊற்றிவிடுவாள். அந்தத் தண்ணீரைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் வரிசைக்குள் நுழையும்போது மற்றப் பெண்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். தங்கள் வேலையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வார்கள். உம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை. அடுத்த குடிலில் ஒரு பெண் பிள்ளை பெற்றுக் கிடந்தாள். ஒரு நாள் உம்மா தன் குடத்தை அப்படியே அவளுக்குக் கொடுத்துவிட்டு, திரும்பவும் போய் அள்ளினாள். மறுநாளும் அப்படிச் செய்தாள். அதற்கடுத்த நாள் நாங்கள் போனபோது கேற் பூட்டியிருந்தது.

"ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுக்கிறதெண்டா இது என்ன பள்ளிவாசல் ஹவுள் தொட்டியா எண்டு ஊட்டு அம்மா கேக்கச் சொன்னா," என்று காவல்காரன் உள்ளிருந்து சொன்னான். சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை.

உம்மா வெறும் குடத்தோடு நின்றாள். "ஒருக்கா அவவக் கண்டு கதைக்கட்டா?" என்று கேட்டாள்.

"வேணாம் ராத்தா, போங்க."

நாங்கள் பழைய கிணற்றுக்கே போனோம். உம்மா தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் தந்தாள். ஆனால் பிள்ளைகள் விளையாடிக் களைத்தால் கொதித்த தண்ணீர் ஆறும்வரை எங்கே நிற்பார்கள்? கிணற்றடியில் வாளி கிடக்கும்.

விடுமுறைக்குப் பையன் வந்தான். கேற்றுக்கு வெளியே விடமாட்டார்கள். அவனுக்கு எப்படியோ வழி தெரிந்தது. மில்லுக்குள் லொறி வருகிற வாசலால் ஒரு பகல் நேரம் நழுவி எங்கள் குடிலுக்கு வந்துவிட்டான். தங்கச்சிக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் சந்தோசம். இருவரும் பஸ் ஓட்டினார்கள், நண்டு துரத்தினார்கள், வெயிலில் முகம் சிவந்து வந்து நின்றார்கள். உம்மா அவனுக்குப் பொரித்த மீனும் சோறும் கொடுத்தாள். அவன் கிணற்றடியில் தண்ணீர் குடித்ததை யாரும் கவனிக்கவில்லை. தங்கச்சிதான் வாளியில் அள்ளிக் கொடுத்தாளாம். பிறகு அவளே சொன்னாள்.

கொஞ்ச நாளில் வரிசையில் நெருப்புக்காய்ச்சல் வந்தது, தண்ணீரால் பரவுகிற டைபொயிட். முதலில் பிள்ளை பெற்றவளின் மூத்த மகன். பிறகு எங்கள் தங்கச்சி. பிறகு இன்னும் இரண்டு மூன்று வீடுகள். அதே கிழமையில் பெரியவீட்டுப் பையனுக்கும் காய்ச்சல் என்று வாப்பா மில்லிலிருந்து கேள்விப்பட்டு வந்தார்.

உம்மா தங்கச்சியை என்னிடம் விட்டுவிட்டுப் பெரியவீட்டுக்கு ஓடினாள். இந்த முறை கேற் திறந்திருந்தது. டொக்டர் வந்திருந்தார். எங்கள் குடிலுக்கு வந்துபோனதைப் பையன் சொல்லியிருக்க வேண்டும், உம்மா உள்ளே கால் வைத்ததும் முதலாளியின் மனைவி எழுந்து வந்தாளாம். உம்மா இதை என்னிடம் நேராகச் சொல்லவில்லை. வாப்பாவிடம் சொல்லும்போது நான் கேட்டேன்.

"பாலக் குடுத்த கையாலதான் நஞ்சையும் குடுத்தாயா எண்டு கேக்காகா. 'நீங்க' இல்ல, 'நீ' எண்டு கேக்கா."

வாப்பா தங்கச்சியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "புள்ளட வருத்தத்தில கதைக்கிறா. அத மனசில எடுக்காத," என்றார்.

தங்கச்சிக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. உடம்பு அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது. நாக்கு வெடித்துப்போயிற்று. சிலவேளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, நான் யாரென்று தெரியாமல் சிரிப்பாள். மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பார்த்துவிட்டு, மருந்து கொடுத்து, "இந்தப் புள்ளைய மட்டக்களப்புக்குக் கொண்டுபோங்க, சுணங்காதீங்க," என்று சொன்னார்கள். வாப்பா வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்தார். உடுப்பு எடுக்க வேண்டும், உம்மா வர வேண்டும், பிறகு பகல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் பெரியவீட்டுக் கார் புறப்பட ஆயத்தமாக நின்றது. பையனையும் மட்டக்களப்புக்குத்தான் கொண்டுபோகிறார்கள். கேள்விப்பட்டதும் வாப்பா தங்கச்சியை உம்மாவின் சேலையால் சுற்றித் தூக்கிக்கொண்டு கேற்றடிக்கு ஓடினார். நானும் உம்மாவும் பின்னால் ஓடினோம்.

கார் கேற்றுக்கு வெளியே வந்து நின்றது. பின் ஆசனத்தில் தாய் மகனை மடியில் கிடத்தியிருந்தாள். முன்னால் முதலாளி.

"முதலாளி, என்ட புள்ளையும் அங்கதான் போகணுமாம்," என்றார் வாப்பா. "முன்னுக்கு ஒரு பக்கத்தில மடியில வச்சிக்கொண்டு வாறன். ஒருத்தருக்கும் கரைச்சல் தரமாட்டன்."

முதலாளி பின்னால் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் முக்காட்டால் மகனின் முகத்தை மூடினாள். "இந்தக் காய்ச்சல் அங்க இருந்து வந்ததுதானே. இன்னும் அதோட இவனச் சேத்து ஏத்தணுமா?" என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

முதலாளி வாப்பாவின் தோளைத் தொட்டார். "நான் இவனக் கொண்டு விட்டதும் காரத் திருப்பி அனுப்புறன். நீங்க பஸ்ஸில அடிபட வேணாம், புள்ள தாங்காது. ஊட்டயே இரிங்க. கார் வரும்."

கார் போயிற்று.

உம்மா, "வாங்க, பஸ்ஸுக்கே போவம்," என்றாள். வாப்பா தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். பஸ்ஸில் இருக்கிற நெருக்கமும், தெருவின் குழிகளும் அவருக்குத் தெரியும். "முதலாளி வாக்குக் குடுத்திட்டாரு. கார் வரும். கார்ல போனாப் புள்ளைக்கு நோகாது," என்றார். அப்படிச் சொல்லிவிட்டுக் குடில் வாசலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பகல் பஸ் போன சத்தம் கேட்டது. அந்தி பஸ் போன சத்தமும் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து நிற்பார்.

விடியற்காலை சுபஹு பாங்கு சொல்லும்போது தங்கச்சி உம்மாவின் மடியில் மூச்சை விட்டாள். உம்மா கத்தவில்லை. அவளுடைய தலைமயிரை விரலால் சீவிச் சீவி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வாப்பாதான் கத்தினார். மூட்டை சுமக்கிற, கடலில் வலை இழுக்கிற ஒரு ஆம்பிளை அப்படிக் கத்தி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

கார் வந்தது. அதை நான் மறைக்கக் கூடாது. பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, அவளை அடக்கிவிட்டு ஆண்கள் மையவாடியிலிருந்து திரும்பி வருகிற நேரத்தில் அது வந்து, எங்கள் வரிசையின் முன்னால் நின்று ஹோன் அடித்தது. ட்ரைவருக்கு ஒன்றும் தெரியாது. பையனுக்கு அங்கே ஏதோ புதுசாக வந்த குளிசை மருந்து கொடுத்தார்களாம், அது கிடைக்கும்வரை காரை அங்குமிங்கும் ஓட்டினார்களாம், அதனால் சுணங்கிப்போயிற்றாம்.

"புள்ள எங்க? ஏத்துங்க," என்றான்.

வாப்பாவின் கையில் இன்னும் மண் ஒட்டியிருந்தது. "புள்ள இல்ல தம்பி. நீ போ," என்றார்.

பையன் பிழைத்துக்கொண்டான். எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு வீட்டில் சாவு விழுந்தது.

அதற்குப் பிறகு சுகாதாரத்துக்கென்று ஒரு உத்தியோகத்தர் வந்து பார்த்தார். கிணற்றை மூடச் சொன்னார். இந்த இடம் ஆட்கள் இருக்கத் தகுந்த இடமில்லை, குடில்களை எடுக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது பிழையென்று எப்படிச் சொல்வது? கானை யாரும் தொடவில்லை. குடில்கள்தான் போயின. மில்லுக்கு நெல் காயப்போடச் சீமெந்துத் தளம் தேவையாக இருந்தது. எங்கள் வரிசை நின்ற இடம் அதற்குத் தோதாக அமைந்தது.

வாப்பா பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற மரைக்கார்மாரிடம் போனார். முதலாளி சபையில் சொன்ன வார்த்தையைச் சொன்னார். அவர்கள் முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் மறுக்கவில்லை.

"சென்ன வார்த்த சென்னதுதான். ஆனா இந்தக் காணி இப்ப ஏலா, மில்லுக்குள்ள போயிட்டு. மேற்க வயலோரம் எனக்கொரு துண்டு கிடக்கு. அத எடுக்கட்டும்," என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "இப்ப ஒரு குமர்தானே," என்றார்.

அதைச் சொன்னபோது அவர் குரல் தாழ்ந்ததாகவும், அவரே சொல்லிவிட்டுத் திடுக்கிட்டதாகவும் வாப்பா சொன்னார். ஆனால் சொன்னது சொன்னதுதான். வாப்பா அந்தத் துண்டை வாங்கிக்கொண்டார். வாங்காமல் எங்கே போவது?

அது சாய்ந்தமருதுக்கு மேற்கே, மாரியில் தண்ணீர் ஏறுகிற தாழ்நிலம். எங்களோடு வந்தவர்களும் அதைச் சுற்றியே குடில் போட்டார்கள். முதல் மாரியிலேயே அடுப்பைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு இருந்தோம். வாப்பா தினமும் அங்கிருந்து நடந்து மில்லுக்குப் போனார். தன் மகள் காய்ச்சலில் கிடந்த இடத்தின் மேல் நெல்லைப் பரப்பி, வாரி, மூட்டையாகக் கட்டினார். நான் ஒரு நாளும் அவரிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அவருக்குப் பேச்சு நன்றாகக் குறைந்துவிட்டது. தெருவில் கார்ச் சத்தம் கேட்டால் மட்டும், என்ன செய்துகொண்டிருந்தாலும் கை நிற்கும்.

அடுத்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு முன், எனக்குச் சட்டைத் துணி எடுக்க உம்மா என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனாள். கடைத்தெரு அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. இரண்டு தட்டுக் கட்டடங்கள், கண்ணாடி அலுமாரிகள், நடக்க இடமில்லாத சனம். ஒரு கடையின் முன்னால் அந்தக் கார் நின்றது. பையன் பின் ஆசனத்தில் தனியாக இருந்தான். எங்களைக் கண்டதும் கதவைத் திறந்துகொண்டு குதித்து ஓடி வந்தான்.

"கடக்கரை உம்மா!"

உம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். உம்மா அசையாமல் நின்றாள். பிறகு அவள் கை மெதுவாக அவன் தலைக்குப் போயிற்று.

"எங்க அவ? கூட்டிக்கொண்டு வரல்லயா?" என்று சுற்றிப் பார்த்தான். "நான் அவவுக்கு ஒரு டிக்கட் கட்டு எடுத்து வச்சிரிக்கன். மெய்யான பஸ் டிக்கட்."

அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அப்போதுதான் எங்களுக்கு அது விளங்கியது. அவனுடைய தாய் கடை வாசலில், கையில் பொதியோடு வந்து நின்றிருந்தாள். அவளும் கேட்டுவிட்டாள். உம்மாவைப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. தன் மகனிடம் உம்மா என்ன சொல்லிவிடுவாளோ என்று பயந்து நின்றாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

உம்மா குனிந்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். "அவ தூரத்துக்குப் போயிட்டா மனே. நீ நல்லாப் படி," என்றாள்.

"எப்ப வருவா?"

"நீ போ. ஒங்கட உம்மா பாத்துக்கொண்டு நிக்கா."

அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு காருக்குப் போனான். அவனுடைய தாய் ஒரு அடி எங்களை நோக்கி வைத்தாள், பிறகு காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடிக்குள்ளே அவள் முகத்தை மூடிக்கொண்டு குனிந்திருந்தது தெரிந்தது. கார் சனத்துக்குள் ஊர்ந்து போயிற்று.

நாங்கள் துணி எடுக்கவில்லை. உம்மா கடைகளைத் தாண்டி நேரே நடந்தாள். நான் அழுதுகொண்டு பின்னால் போனேன். எனக்கு அவள்மேல்தான் ஆத்திரம். அந்த இடத்தில், அத்தனை சனத்துக்கு நடுவில், எல்லோரும் கேட்க அவள் கத்தியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். சந்தியைத் தாண்டி, வயலை நோக்கித் திரும்புகிற தெருவுக்கு வந்ததும் அவள் நடையைக் குறைத்தாள்.

"மகள், அவன் மெலிஞ்சிரிக்கான் என்ன?"

நான் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன்.

"முதுகெலும்பு கையில முட்டுது," என்றாள். "காய்ச்சல் கண்ட உடம்பு. தேற இன்னும் நாளாகும்."

சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். தாழ்நிலத்தில் எங்கள் குடிலைச் சுற்றி இன்னும் தண்ணீர் வடியவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்குள் இறங்கினாள்.